டேப் கிழிகிற சத்தம்

“நூல் வேலைன்னுதான் சொன்னாங்க, டீச்சர். டேப்பும் உண்டுன்னு யாரும் சொல்லலியே.”

ஆவுடையம்மாள் அறைக்குள் வரவில்லை. மாடிப்படியின் மேல்படியில், கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

நஸீமா டீச்சர் கையிலிருந்த டேப் ரோலைத் தரையில் வைத்தாள்.

“ரெண்டும் உண்டும்மா. உள்ள வாங்க.”

“நூல் மட்டும் போதாதா?”

“எதுக்கு?”

ஆவுடையம்மாள் படியிறங்கிப் போய்விட்டாள்.

தென்காசியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. நஸீமாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவளுடைய அண்ணன் ஏசிக் குழாய் பொருத்துகிறவர். வேலையில் மிஞ்சுகிற வெள்ளி நிற டக்ட் டேப்பைக் கொண்டுவந்து தங்கையிடம் போடுவார். அவள் அதை நீளமாய்க் கிழித்து, பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, வார் வாராக ஆக்குவாள். வார்களைப் பின்னிக் கூடை செய்வாள். விளிம்பில் துளை குத்தி, கம்பளி நூலைக் கோத்துக் கொடியும் பூவும் ஏற்றுவாள். கடைசியில் அது டேப் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் அவளைவிட மூத்தவர்கள். அவர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சரிடம் எதைக் கேட்டாலும் வாயால் பதில் வராது, கையில் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவாள் என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

ஆவுடையம்மாள் திரும்பவும் வந்தாள். கை நடுக்கம் நிற்க ஏதாவது கைவேலை பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போக வேறு இடமும் தெரியவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தாள்.

டீச்சர் ஒரு பெரிய நூல்கண்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“டேப் வேண்டாம். இதுல ஒரு கூடை பண்ணிட்டு வாங்க.”

ஆவுடையம்மாளுக்குச் சின்ன வயதிலேயே குரோஷா ஊசிப் பின்னல் பழக்கம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து இழை இழையாய்ப் போட்டாள். நெருக்கமாய், அழகாய் வந்தது. கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கூடை ஒரு பக்கமாய்ச் சரிந்து, பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டது.

“நிக்க மாட்டேங்கு, டீச்சர்.”

“ஆமா.”

“என்ன செய்ய?”

டீச்சர் டேப் ரோலை எடுத்தாள். அவள் நகம் ஓரத்தைத் தேடும்போதே ஆவுடையம்மாள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

“வேண்டாம். வேண்டாம், டீச்சர்.”

டீச்சர் ரோலைக் கீழே வைத்தாள்.

“டேப்பப் பாத்தா பயமா?”

“சத்தம்.”

“சத்தம் என்ன செய்யுது?”

ஆவுடையம்மாள் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். 

மறுநாள் அவளுக்காக வார்கள் தயாராய் இருந்தன. கிழித்து, மடித்து, ஓரம் நறுக்கியவை. அவற்றில் சத்தமில்லை. ஆவுடையம்மாள் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள். மற்றவர்கள் வருவதற்குள் கிளம்பிவிடுவாள். அடிப்பாகம் முடிந்து, சுவர் எழும்பியது. கை நடுக்கம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது.

ஒருநாள் நேரம் போனது தெரியவில்லை. இரண்டு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே படியேறி வந்தார்கள். வந்த வேகத்தில் ஒருத்தி ரோலைப் பிடிக்க, மற்றவள் அறையின் குறுக்கே நீளமாய் இழுத்தாள்.

சர்ரென்று கிழிந்தது.

அடுத்து அவர்கள் பார்த்தபோது ஆவுடையம்மாள் மேஜைக்கு அடியில் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. சேலை நனைந்திருந்தது.

டீச்சர் அந்தப் பெண்களைக் கீழே அனுப்பினாள். மாற்றுத்துணி கொடுத்தாள். தரையைத் தானே துடைத்தாள்.

“நான் இனிமே வரமாட்டேன், டீச்சர்.”

“சரிம்மா.”

ஆவுடையம்மாள் வாசல்வரை போய் நின்றாள்.

“ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“கூடை பாதியில இருக்கு” என்றாள் டீச்சர்.

வீட்டுக்குப் போனால் அங்கும் டேப்தான்.

ஆவுடையம்மாளின் கணவர் சங்கரலிங்கம் பார்சல் கடை வைத்திருந்தார். சென்னைக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பொடியும் அனுப்புகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். பெட்டியில் அடுக்கி, மூடி, டேப் சுற்றி, கூரியரில் சேர்ப்பது அவர் பொறுப்பு. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு.

போன சாரல் காலத்தில், ஒரு மத்தியானம், அந்தக் கடைக்குள் இரண்டு திருடர்கள் புகுந்தார்கள். அன்றிலிருந்து, அவள் காதில் விழக்கூடாதென்று, அவர் கடைக்குள் டேப் இழுப்பதில்லை. பெட்டிகளைச் சணல் கயிற்றால் கட்டினார். டேப் இல்லாத பெட்டியை எடுக்கமாட்டோம் என்று கூரியர்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பெட்டிகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்ட் ஓரமாய் நின்று சுற்றி எடுத்து வந்தார். மழையில் அட்டை ஊறியது. வந்துகொண்டிருந்தவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்.

“கடைய விட்டுருதேன்னு ஓனர்ட்ட சொல்லிட்டேன்.”

“விட்டுட்டு?”

“பாப்போம்.”

அந்தக் கடை அவருடைய பாதி ஆயுள். ஆவுடையம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நான் மதுரைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன். நீங்க கடைய நடத்துங்க.”

“எம்புட்டு நாளைக்கு?”

அவள் கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கப் போனார். அவர் விரல் முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். அப்படி நடப்பது அது முதல் தடவை இல்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் நல்ல சாரல். ஆவுடையம்மாள் குடையை மடக்கிக்கொண்டு படியேறினாள். டீச்சர் தனியாக இருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு கடைய மூடுதாரு, டீச்சர். எல்லாம் என்னாலதான். இந்தப் பயத்த நான் எப்படி விடுறது?”

“அன்னைக்கு என்ன நடந்துது?”

போலீசுக்கும் டாக்டருக்கும் சங்கரலிங்கம்தான் பதில் சொன்னார். ஆவுடையம்மாளிடம் யாரும் முழுதாய்க் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

“சாப்பாடு எடுத்து வச்சுட்டு அவரக் கூப்பிடப் போனேன். ஷட்டர் இறங்கிக் கெடந்துது. இவரு குப்புறக் கெடந்தாரு. ஒருத்தன் முதுகுல முழங்கால ஊணிக்கிட்டு இருந்தான். அவரு கைய அதுக்கு முன்னாலயே கட்டிட்டான். இன்னொருத்தன் என்னப் பிடிச்சான். எங்க கடை டேப்பத்தான் எடுத்தான், டீச்சர். பார்சல் போட வச்சிருந்த டேப்பு.”

“அப்புறம்?”

“இழுத்தான். என் கையில சுத்துனான். திரும்ப இழுத்தான், கால்ல சுத்துனான். திரும்ப இழுத்து வாயில ஒட்டுனான். மூக்கும் பாதி மூடிட்டு.”

“அப்புறம்?”

“வளையலு, சங்கிலி எல்லாம் உருவிட்டுப் போயிட்டானுவ.”

“அப்புறம்?”

“மூச்சு முட்டுது. கண்ணு இருட்டிட்டு வருது.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். பெறவு ஆஸ்பத்திரியில முழிச்சதுதான் ஞாபகம் இருக்கு.”

டீச்சர் அவளைப் பார்த்தாள்.

“அவ்வளவுதான்னா நீங்க இங்க உக்காந்திருக்க மாட்டீங்களேம்மா.”

ஆவுடையம்மாளுக்குப் புரியவில்லை.

“எனக்குத் தெரியாது, டீச்சர். அந்தச் சத்தம் கேட்டா அவனுவ திரும்ப வந்துட்டானுவன்னு இருக்கு. வேற ஒண்ணும் தெரியாது.”

டீச்சர் ரோலை எடுத்தாள். இந்தத் தடவை அவள் தயங்கவில்லை.

சர்.

ஆவுடையம்மாள் சுவரில் போய் மோதினாள். டீச்சர் கிழித்த துண்டைத் தன் வாயின்மேலேயே ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணுதீங்க? எடுங்க.”

டீச்சர் அசையவில்லை.

“எடுங்க, டீச்சர்.”

சாரல் தொடங்கியதிலிருந்து டீச்சருக்கு மூக்கடைப்பு. உர்ரென்று இழுக்கிற மூச்சு பாதியிலேயே நின்றது. இன்னொரு தடவை இழுத்தாள். நெற்றியில் நரம்பு புடைத்தது. முகம் சிவக்கத் தொடங்கியது.

ஆவுடையம்மாள் வாசலுக்கு ஓடிக் கீழே பார்த்துக் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் குரல் சைக்கிள் கடைவரை போகவில்லை. படி நேராய்த் தெருவுக்கு இறங்கியது. இறங்கினால் போதும். ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தும்விட்டாள்.

பின்னால் அந்த மூச்சு முட்டுவது கேட்டது. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தாள். டீச்சரின் கண்ணில் நீர் கோத்திருந்தது. கை மடியிலேயே இருந்தது. ஆவுடையம்மாள் மண்டியிட்டு டேப்பின் ஓரத்தைத் தேடினாள். விரல் ஆடியது. நகத்தில் அகப்படாமல் நழுவியது. இன்னொரு பக்கம் தேடினாள். தோலோடு ஒட்டிக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாய் எடுக்க நேரமில்லை. வலிக்கும். வலிக்கட்டும். பிடித்து ஒரே இழுப்பாய் இழுத்தாள்.

சர்.

டீச்சர் வாயைப் பிளந்து காற்றை உறிஞ்சினாள்.

ஆவுடையம்மாள் கையில் டேப் துண்டோடு அப்படியே இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது டீச்சரை இல்லை.

அன்றைக்குக் கடைக்குள், அவளுடைய முகத்துக்கு மிக அருகில் இரண்டு விரல்கள். அவற்றில் ரத்தம். நடுங்கி நடுங்கி ஓரத்தைத் தேடுகின்றன. அகப்படவில்லை. ‘ஆவுடை, ஆவுடை’ என்று யாரோ அழுதுகொண்டே கூப்பிடுகிறார். பிறகு ஒரே இழுப்பு. அந்தச் சத்தம். காற்று.

டீச்சர் சிவந்திருந்த உதட்டைப் புறங்கையால் தடவிக்கொண்டாள். 

“யாரும்மா வந்தா?”

“எங்க வீட்டுக்காரரு” என்றாள் ஆவுடையம்மாள்.

குடையை எடுக்க மறந்துவிட்டாள். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

சங்கரலிங்கம் கடையில் தரையில் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த டேப் ரோலை, அவளைக் கண்டதும் சாக்குக்கு அடியில் தள்ளினார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டைச் சுற்றி ஆறிய தழும்பு, வரி வரியாய்.

“இது எப்படி வந்துது?”

“அலமாரித் தகரத்துல உரசுனது.”

“அன்னைக்கா?”

“ம். கையக் கட்டுனத அறுக்க வேற ஒண்ணும் கிடைக்கல.”

“என்ட்ட ஏன் சொல்லல?”

“அந்த நாளப் பத்தி எடுத்தாலே நீ நடுங்குவ.”

அவள் சாக்கைத் தூக்கினாள். ரோலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“பெட்டிய ஒட்டுங்க.”

“வேண்டாம். நீ உள்ள போ.”

“நான் இங்கதான் இருக்கப் போறேன்.”

அவர் ரோலைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் கைகளை முழங்காலின்மேல் அழுத்திக்கொண்டாள். 

“பயமா இல்லையா?”

“பயமாத்தான் இருக்கு” என்றாள். “இழுங்க.”