விரிசல் விட்ட ஓஸ்

மங்கையர்க்கரசி சங்கரன்கோவிலில் தன் வீட்டிலேயே தியானம் கற்றுக்கொடுத்தார். வயது நாற்பதுதான். அதற்கு முன் பாலிடெக்னிக்கில் கார் எஞ்சின் பாடம் நடத்தியவர். அவரிடம் மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்த குலசேகரன், ஓய்வுபெற்ற தாசில்தார். அவரைவிட இருபது வயது மூத்தவர்.

அன்று காலை வந்தவர் பாயை விரிக்கவில்லை.

“இன்னிக்கு என்னால உக்கார முடியாதும்மா. அந்தப் பட்டறைக்காரனை நாலு கேள்வி கேட்டாத்தான் மனசு ஆறும்.”

“என்ன ஆச்சு சார்?”

குலசேகரனின் காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகியது. மூன்று முறை பட்டறைக்குக் கொண்டுபோனார். மூன்று முறையும் ஆயிலை ஊற்றி, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். நேற்று மகள் கோமதி கைக்குழந்தையோடு காரை எடுத்துப் போனாள். குளத்தங்கரை வளைவில் ஆயில் வற்றி ஸ்டீயரிங் இறுகிவிட்டது. முழுப் பலத்தோடு இழுத்தும் பாதிதான் திரும்பியது. பிரேக்கை மிதித்து நின்றபோது முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது.

“குழந்தையோட குளத்துக்குள்ள போயிருப்பாம்மா. இதுக்கும் கோபப்படக் கூடாதுன்னு சொல்வீங்களா?”

“வண்டி எங்கே?”

“வாசல்லதான். ஆயிலை ஊத்தி மெதுவா ஓட்டிட்டு வந்தேன்.”

“பானெட்டைத் தொறங்க.”

“நான் கேட்டது வேற.”

“தெரியும் சார்.”

குலசேகரன் வேண்டாவெறுப்பாகத் திறந்தார். குனிந்து, அடியில் நனைந்திருந்த இரும்புக் குழாயைக் காட்டினார். “இதோ, இங்கதான் ஒழுகுது.”

“அங்க சொட்டுது. எங்க ஒழுகுதுன்னு இன்னும் தெரியலை. எல்லாத்தையும் துடைங்க.”

துடைத்தார். மங்கையர்க்கரசி எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார்.

“இப்ப மேல பாருங்க.”

ஆயில் டப்பாவை ஒட்டிய ரப்பர் ஓஸ் குழாயில், கிளிப்புக்குக் கீழே, ஒரு துளி அரும்பியது. வழிந்து கீழே இறங்கியது.

எஞ்சினை நிறுத்தி ஓஸைக் கழற்றினார்கள். நகம் நீளத்துக்கு விரிசல்.

“இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

“துடைச்சிருந்தா அஞ்சு நிமிஷம்.”

குலசேகரனுக்கு மறுபடி ரத்தம் கொதித்தது. கடைக்கு நடந்துபோய், ஸ்டீயரிங் ஆயில் தாங்கும் ஓஸும் புதுக் கிளிப்பும் வாங்கிவந்தார். தன் கையாலேயே மாட்டி இறுக்கினார். ஆயில் ஊற்றி, உள்ளே இருந்த காற்று போகும்வரை ஸ்டீயரிங்கை மாற்றி மாற்றித் திருப்பினார். பிறகு அரைமணி நேரம் எஞ்சின் ஓடியது. அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழவில்லை.

கை கழுவும்போது நெஞ்சு லேசாகியிருந்தது.

“புரிஞ்சுதும்மா. வேலையில இறங்கினதும் கோபம் போன இடம் தெரியலை. இனிமே அந்தப் பட்டறைப் பக்கமே போகப் போறதில்லை. அவன்கிட்ட சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?”

உள்ளே போய்ப் பாயை விரித்தார்.

மங்கையர்க்கரசி குனிந்து அந்தப் பாயைச் சுருட்டினார். அவர் முகம் சிவந்து குலசேகரன் பார்த்ததே இல்லை. பழைய ஓஸைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

“உங்க மக தப்பிச்சாச்சு, உங்க கோபம் தீர்ந்துபோச்சு. அந்தப் பட்டறையில இன்னிக்கு ஆயிலை மட்டும் ஊத்தி எத்தனை வண்டியை அனுப்புறான்னு போய்க் கேட்டுட்டு வாங்க சார். அப்புறம் உக்காரலாம்.”