கஞ்சி போகும் வரை

"சாயம் பிடிக்கவே மாட்டேங்குது" என்றார் சௌந்தரவல்லி.

தப்பு சாயத்தின் பேரில்தான் என்பது போல இருந்தது அவர் சொன்ன தோரணை.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. வயது ஐம்பத்து நான்கு. கோடை விடுமுறையில் அவர் கற்றுக்கொள்ள வந்திருந்தது பேச்சியம்மாளின் வீட்டுக்கு. பேச்சியம்மாளுக்கு முப்பத்தொன்றுதான் ஆகிறது. பழைய சேலைகளை வீட்டிலேயே சாயம் தோய்த்து, துண்டு போட்டு, ஒட்டுப்போர்வை தைப்பது அவள் வேலை. ஏழாம் வகுப்பில் இதே சௌந்தரவல்லியிடம் அறிவியல் படித்து, அதில் ஃபெயிலும் ஆனவள்.

சிவப்புச் சாயத்துக்காக மஞ்சிட்டி வேர் கொதிக்கும் அண்டாவில் மூன்று தடவை முக்கியாயிற்று. வெள்ளைச் சேலைத் துண்டு மூன்று தடவையும் திட்டுத் திட்டாகத்தான் வெளியே வந்தது.

பேச்சி இன்னொரு துண்டை எடுத்தாள். உள்ளங்கையில் விரித்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

சொட்டு அப்படியே நின்றது. ஊறவில்லை.

"டீச்சர், இதுக்கு எத்தனை வருஷமா கஞ்சி போடுறீங்க?"

"வாங்கின நாள்லருந்து. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும்."

"நல்ல கெட்டிக் கஞ்சியா?"

"நிக்க வச்சா நிக்கும்." அதில் அவருக்குப் பெருமைதான்.

"அலசிட்டு வாங்க."

போர்வைக்கென்று ஒதுக்கிய சேலைகளையெல்லாம் வாஷிங் மெஷினில் போட்டு அலசிவிட்டு மறுநாள் வந்தார்.

"கஞ்சி போயிடுச்சு."

"நெசமாவா டீச்சர்?"

"என்னையே சந்தேகப்படுறியா?"

"நான் எங்க சந்தேகப்பட? கஞ்சி இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க நீங்க கிளாஸ்ல ஏதோ நடத்துனீங்க. எனக்குத்தான் ஞாபகம் இல்ல. ஃபெயிலான பாடம்."

சௌந்தரவல்லி வீட்டுக்குப் போனார். முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் புட்டியை எடுத்து, சேலை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார்.

கருநீலம்.

இருபத்தொன்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம். தன் சேலையில் அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

காலையில் வந்து, "இருக்கு" என்றார்.

"ஆத்துக்குப் போங்க" என்றாள் பேச்சி.

படித்துறையில் அவரிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை ஆறு சேலையோடு இறங்கி வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் கல்லை விட்டுக் கொடுத்தாள். சௌந்தரவல்லிக்கு முகமெல்லாம் சுட்டது.

அடித்தார். தண்ணீர் பால் நிறத்தில் ஓடியது. அலசினார். மறுபடி அடித்தார்.

சாயங்காலம் அயோடின் விட்டால் நீலம். மறுநாளும் நீலம்.

நாலாம் நாள் பேச்சியும் ஆற்றுக்கு வந்தாள். சேலையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய உதவினாள்.

"போர்வை யாருக்கு டீச்சர்?"

"ஒரு குழந்தைக்கு. இன்னும் பிறக்கல."

"யாரு குழந்தை?"

அவர் சேலையைப் பிழிந்து முடித்தார்.

"என் தங்கச்சி மங்கையோடது. அம்மா சாகும்போது அவளுக்கு ஒம்பது வயசு. நான்தான் வளர்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால, தானா ஒருத்தரைப் பார்த்து, ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டு, ரெண்டு பேருமா வந்து நின்னாங்க. நான் ஸ்கூலுக்குக் கட்ட வேண்டிய சேலையை இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. இஸ்திரி போட்டேன். முடிச்சுட்டு நிமிர்ந்தா, ஆள் இல்ல."

"எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"ஒரு சேலை முழுசும் தேய்க்கிற நேரம்."

பிழிந்த சேலையைப் பேச்சி வாளியில் போட்டாள்.

"அப்புறம் அவளும் வரல, நானும் போகல. மாசமா இருக்கான்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும்." சௌந்தரவல்லி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போர்வையைக் கொண்டுபோய்க் குடுத்தா எங்கிட்ட பேசுவாளா?"

பேச்சி குனிந்து அடுத்த சேலையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு டீச்சர்."

ஏழாம் நாள், அயோடின் விட்ட இடம் வெறும் பழுப்பாக நின்றது. சௌந்தரவல்லி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பழுப்புதான்.

எட்டாம் நாள் கடைசிச் சேலையை அலசிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. தங்கையின் கணவர் லாரன்ஸ். அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதே இல்லை.

"பொம்பளப் புள்ள பிறந்திருக்கு. திருநெல்வேலியில ஆஸ்பத்திரியில இருக்கோம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. மங்கைக்குத் தெரியாது."

நனைந்த சேலையோடு பேச்சி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பிறந்துடுச்சு. நாள் இன்னும் இருக்குன்னு நினைச்சேன். போர்வையில ஒரு தையல்கூடப் போடலையே."

"போர்வைக்கு என்ன அவசரம்? நீங்க கிளம்புங்க."

"வெறுங்கையோடவா?"

"அவங்க அன்னிக்கு வெறுங்கையோடவா வந்தாங்க?"

சௌந்தரவல்லி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல. பூவும் பழமும் கொண்டுவந்து, வாசல்ல வச்சுட்டுப் போயிருந்தா."

"அதை என்ன செஞ்சீங்க?"

"மாட்டுக்குப் போட்டேன்."

பேச்சி அண்டாவுக்கு அடியில் எரிந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"எனக்குப் பயமா இருக்கு பேச்சி."

"இருக்கும் டீச்சர்."

கொடியில் காய்ந்திருந்த அவருடைய சேலைகளில் ஒன்றை உருவி நீட்டினாள். "ஈரத்தோட போகாதீங்க. இதைக் கட்டிக்கோங்க."

"இஸ்திரி இல்லாமலா?"

"பத்து மணி பஸ் நிக்காது."

கட்டினார். கொசுவம் நிற்கவில்லை. தோளில் போட்ட முந்தானை வழுக்கிக்கொண்டே வந்தது. பஸ்ஸில் போகும்போது அதை எட்டுப் பத்துத் தடவை இழுத்துப் போட்டிருப்பார். யாரும் அவரைத் தலைமையாசிரியை என்று சொல்ல மாட்டார்கள். வழியெல்லாம், திரும்பிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் மங்கை கண்மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. நர்ஸ் லாரன்ஸைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"புதுத் துண்டைப் போயி பச்சப் புள்ளைக்குச் சுத்துவாங்களா? உடம்பெல்லாம் சிவந்து கெடக்கு பாருங்க. பழஞ்சேலை ஒண்ணு கொண்டுவரத் தோணலையா? வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

லாரன்ஸ் தலை குனிந்து நின்றார்.

சௌந்தரவல்லி முந்தானையைத் தோளிலிருந்து எடுத்தார். ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தார். சேலை நேராகக் கிழிந்து வந்தது. கிழித்ததை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

அதில் சுற்றிக் கிடத்திய கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை அடங்கியது.

மங்கை கண்ணைத் திறக்காமலே கை நீட்டிக் குழந்தையைத் தொட்டாள். அவள் விரல் துணியில் நின்றது. விரல்களுக்கிடையில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள்.

"இது யாரு சேலை?"

லாரன்ஸ் சுவரோரம் திரும்பிப் பார்த்தார்.

"என்னோடதுதான்" என்றார் சௌந்தரவல்லி.

மங்கை கண்ணைத் திறந்தாள். சுவரோரம் கிழிந்த சேலையோடு நின்றவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு, கட்டிலில் சற்று நகர்ந்து படுத்தாள்.

"எவ்வளவு நேரம் நிப்ப? உக்காரு" என்றாள்.