மறுகால் பாய்ந்த நாள்

ஏரியைக் கொண்டு பதவிக்காலத்தை அளந்த நாடு ஒன்று இருந்தது. பெயர் நீர்மலை நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம், வெறுங்கையோடு திரும்புவீர்கள். அதன் சட்ட அவையில் ஒன்பது உறுப்பினர்கள். இத்தனை ஆண்டு என்று அவர்களுக்குக் கணக்கு இல்லை. பெரிய ஏரி நிறைந்து, கலிங்கு என்னும் கல்வரிசையைத் தாண்டி மிகுநீர் வழிந்தோடினால், அதாவது மறுகால் பாய்ந்தால், அவை கலையும். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. கலிங்கின் அருகே நின்ற சட்டக் கல்லின் வாசகத்தை அப்படியே தருகிறேன். சொல்லை விழுங்கிப் படிப்பவர்கள் பின்னால் வருந்துவார்கள்.

"மறுகால் பாயும் நாளோடு அவையின் காலம் முடியும். தன் காலத்தை நீட்டிக்க, மறுகாலுக்கு முன் மடை திறக்கச் சொன்னவர் நாவை இழப்பார். காலம் முடிந்தபின் ஆணையிட்டவரும் நாவை இழப்பார்."

ஏரி நிறையும் தறுவாயில் மடையைத் திறந்து நீரை இறக்கிவிட்டால் மறுகால் பாயாது. மறுகால் பாயாவிட்டால் பதவி போகாது. முன்பு ஓர் அவை இப்படியே பதினெட்டு ஆண்டு ஓட்டியது. அந்த ஒன்பது பேரும் மீதி வாழ்நாளைச் சைகையிலேயே கழித்தார்கள்.

நம் கதையின் அவைத் தலைவர் பரவை என்னும் பெண். இது அவருக்கு இரண்டாம் முறை, அதாவது கடைசி முறை. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை நிறையும் ஏரி, மழை பொய்த்ததால் பதினோரு ஆண்டாக நிறையவில்லை. வானம் செய்த பிழைக்கு ஊர் பரவையைத்தான் ஏசியது.

அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. நீர் விளிம்பை நெருங்கியதும், வழக்கப்படி புதிய அவையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதன் தலைவர் ஐயாறன். மறுகாலுக்கு அடுத்த சூரிய உதயத்தில்தான் அவர்கள் உறுதிமொழி ஏற்பார்கள். அதுவும் வழக்கம்தான்.

ஐந்தாம் நாள் பிற்பகல், ஊரே கரைமேல் கூடி நின்றபோது மடைக்காரர் பொத்தன் ஓடிவந்தார்.

"அம்மா, தெக்கு வளைவுல கரை கசியுது. காலையில தெளிஞ்ச தண்ணிதான் வந்துச்சு. இப்போ கலங்கி வருதும்மா."

கசிவு தெளிந்திருந்தால் நீர் மட்டும் வருகிறது. கலங்கியிருந்தால் கரையே வந்துகொண்டிருக்கிறது. கரைக்குக் கீழே முந்நூறு வீடுகள். மடையைத் திறக்க அவைத் தலைவரின் வாய்ச்சொல் வேண்டும். பரவை கலிங்கைப் பார்த்தார். நீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"சொல்லுங்கம்மா, திறந்துடறேன்."

"சொல்லுவா, ஏன் சொல்ல மாட்டா? பதினோரு வருஷம் உட்கார்ந்தது பத்தலையாம்!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

பரவை வாயைத் திறந்தார். சட்டக் கல்லைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஒரு நாழிகை அப்படியே நின்றார். தெற்கு வளைவில் ஒரு பனை, வேர்மண் கரைந்து மெல்லச் சாய்ந்து விழுந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நீர் விளிம்பைத் தொட்டது, தாண்டியது. மறுகால் பாய்ந்ததும் பெண்கள் குலவையிடுவார்கள்; உறுப்பினர்கள் பதவி முடிந்தது என்று தலைப்பாகையைக் கழற்றிவிட்டு விருந்துக்குப் போவார்கள். அன்று குலவை எழவில்லை. ஆனால் எட்டுத் தலைப்பாகைகள் கழன்றன. கலிங்கு வழியே போன நீர் போதவில்லை. கசிவு இன்னும் கலங்கியது.

பொத்தன் ஐயாறனிடம் ஓடினார். "இனி நீங்கதானேய்யா? சொல்லுங்க."

"விடிஞ்சு உறுதிமொழி எடுத்த பிறகுதான்யா நான் தலைவர். என் நாக்கு மட்டும் வாடகைக்கு வந்ததா?"

பரவை பொத்தன் பக்கம் திரும்பினார். "பொத்தா, மடையைத் திற."

"அம்மா, உங்க காலம்தான்..."

"தெரியும். நான் பேசுற கடைசிப் பேச்சுன்னு வெச்சுக்கோ. திற."

மடை திறந்தது. இருட்டுவதற்குள் கசிவு தெளிந்தது. கரை நின்றது.

மறுநாள் உதயத்தில் ஐயாறன் உறுதிமொழி ஏற்றார். முதல் வழக்கே பரவையுடையது. தாம்பாளத்தில் கத்தியை வைத்திருந்தார்கள்.

"மறுகால் பாய்ந்ததை ஊரே பார்த்தது. அதன்பின் இவர் ஆணையிட்டதை ஊரே கேட்டது. எனக்கும் வருத்தம்தான். கல்லில் உள்ளதை நான் என்ன செய்ய?" என்றார் ஐயாறன்.

"அந்த ஒரு சொல் இல்லேன்னா வழக்குப் பேச ஊரு ஏதுய்யா?" என்றார் பொத்தன். பிறகு பரவையைப் பார்த்து, "அதையும் ஒரு நாழிகை முன்னாடி சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

பரவை ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். பேசாமல் இருந்து பழகிக்கொண்டிருந்தார் போலும்.

கத்தி தாம்பாளத்தில் இருக்கிறது. உங்களைத்தான் கேட்கிறேன்: பரவையின் நாக்கு போக வேண்டுமா? சட்டப்படி நடந்தவர் வாய் திறக்க மறுத்த ஐயாறனா, திறந்த பரவையா?

விடை: போக வேண்டாம்; சட்டப்படி நடந்தவர் பரவைதான். கல் சொல்வது "பாயும் நாளோடு". "பாயும் நொடியோடு" என்று அதில் இல்லை. அந்த நாள் மறு உதயம் வரை நீளும். புதியவர்கள் உதயத்தில்தான் உறுதிமொழி ஏற்பார்கள் என்பதே இதற்குச் சான்று. இடையில் நாட்டை ஆளில்லாமல் விடும் அளவுக்குச் சட்டம் எழுதியவர்கள் அசடர்கள் அல்லர். தலைப்பாகையைக் கழற்றியது விருந்தின் அவசரம். பொத்தன் கேட்ட அந்த ஒரு நாழிகைக்கும் கல்லில் இடம் உண்டு: "தன் காலத்தை நீட்டிக்க" மடை திறப்பதுதான் குற்றம், ஊரைக் காக்கத் திறப்பது குற்றமில்லை. பயந்தவர்கள் கல்லில் தண்டனையை மட்டும் படிக்கிறார்கள். ஊரார் கல்லின் பாசியைத் துடைத்து வாசகத்தை உரக்கப் படித்ததும் கத்தி உள்ளே போனது. பரவை நாக்கோடு வீடு திரும்பினார். அன்று மாலையே ஐயாறனின் அவை தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது: குடிமக்களின் நீர்த்தேவையை முன்னிட்டு, கலிங்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டுவது. இனி மறுகால் பாய இன்னும் ஒரு முழம் நீர் ஏற வேண்டும். அதைத் தடுக்கக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. பொத்தன் மட்டும் தெற்கு வளைவுக்குப் போய்க் குனிந்து, கசிவு எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.