காயத்தின் நடுப்புள்ளி

டாக்டர் மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தொன்பது. தீக்காய அறுவை சிகிச்சையில் முப்பது வருட அனுபவம். அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஆயிஷா பர்வீனுக்கு முப்பத்தாறு. சீடர்தான் மூத்தவர், இருவருக்கும் அதில் சங்கடமில்லை.

டாக்டருக்கு ஒரே ஆசை. எந்தப் புண் தானாக மூடும், எதற்குத் தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று கணினி முன்கூட்டியே சொல்ல வேண்டும். நல்ல தோலே மிச்சமில்லாத நோயாளியிடம் வீணாக ஒரு துண்டு உரிப்பது அவருக்குப் பாவமாக இருந்தது. அதற்காகவே ஒரு வருட விடுப்பில் ஆயிஷாவின் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். அது நாளையோடு முடிகிறது.

ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்ந்த தோல் செல்களின் நடுவே ஒரு வட்டக் காயம். இருபத்தொரு மணி நேரத்தில் அது சமமாக மூடிக்கொண்டது. அதே காயத்தை அவர் கணினியில் ஓட்டிப் பார்த்தால், திரையில் மூடவே மாட்டேன் என்றது. செல்களெல்லாம் நடுவில் குவிந்தன. ஓரங்களில் புதிதாகக் கிழிந்தது.

"என்ன எழுதியிருக்கீங்க, டாக்டர்?"

"காயத்தோட நடுப்புள்ளியக் கண்டுபிடிச்சு, எல்லா செல்லையும் அங்க போகச் சொல்லியிருக்கேன் மேடம். அறுநூறு வரி."

ஆயிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கை நீட்டினால் கத்தி வரும், கண்ணைக் காட்டினால் பஞ்சு வரும். அந்தப் பழக்கம் லேசில் விடுமா?

ஆய்வகத்தில் இருந்த பன்னிரண்டு பேரையும் ஆயிஷா அழைத்து, தோளோடு தோள் படும்படி வட்டமாக நிற்க வைத்தார். டாக்டரும் நின்றார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. பேசக் கூடாது. பக்கத்துல தோள் படலைன்னா அந்தப் பக்கம் நகருங்க."

சத்தமில்லாமல் மூன்று பேரை வெளியே இழுத்தார்.

மாசிலாமணியின் இடது தோளில் ஒன்றும் படவில்லை. அந்தப் பக்கம் ஓரடி வைத்தார். இன்னும் ஓரடி. யாருடைய தோளோ வந்து இடித்தது. கண்ணைத் திறந்தால், சின்னதாக, ஆனால் முழுசாக ஒரு வட்டம்.

"நடுப்புள்ளி எங்கன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலையே."

திரும்பிப் போய் அறுநூறு வரியையும் அழித்தார். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டே வரி எழுதினார். பக்கம் காலியாக இருந்தால் அங்கே நகரு. பின்னால் இடம் விழுந்தால் இரண்டாகப் பிரி.

திரையில் மணி ஓடியது. பதினைந்து. இருபது. நிறுத்தும் கட்டளையை எழுதவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனிக் குவியப்போகிறது என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்தொன்றில் ஓரங்கள் தொட்டன. இருபத்திரண்டு. முப்பது. ஒரு செல்லும் அசையவில்லை.

கோணல்மாணலான இன்னொரு காயத்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவும், தட்டில் அந்த வடிவக் காயம் மூடிய அதே நேரத்தில் மூடியது. ஆய்வகமே கைதட்டியது. மனிதர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெட்கப்படாமல் அழுதார். அத்தனை சந்தோஷம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "வேலை முடிஞ்சா நிறுத்துன்னு நான் எழுதலையே மேடம். எல்லாம் எப்படி நின்னுச்சு?"

ஆயிஷா அவருடைய இடது தோளைப் பார்த்தார்.

"நீங்க ஏன் நின்னீங்க, டாக்டர்?"