குட்டச்சியின் ஊதாக் கரை

ஒரு காலத்தில், ரொம்பப் பழைய காலமெல்லாம் இல்லை, போன ஆவணியில்தான், பவுனாம்பாளின் மக்காச்சோளக் காட்டு மூலையில் குட்டச்சி என்றொரு பயிர் இருந்தாள்.

அந்த மூலையில்தான் டிராக்டர் திரும்பும். மழை விட்ட மறுநாளே, ஈரம் காயுமுன் உழுதார்கள். விட்டால் டிராக்டர் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்ற அவசரம். சக்கரம் திரும்பித் திரும்பி மிதித்ததில், காலை நேர டவுன் பஸ்ஸில் ஏறிய ஜனம் மாதிரி மண் துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டன. யாருக்கும் மூச்சுவிட இடமில்லை.

மற்ற வரிசைக்காரிகள் முழங்கால் உயரம் நின்றார்கள். குட்டச்சி ஒரு சாண். ஆனால் அவள் இலை ஓரமெல்லாம் ஊதா நிறம் ஓடியிருந்தது. அது பசியின் நிறம் என்று அவளுக்குத் தெரியாது. பட்டுக்கரை என்று நம்பினாள்.

"என் கரையைப் பாத்தீங்களாடி? இந்தக் காட்டுலயே எனக்கு மட்டுந்தான்" என்று காற்றடிக்கும்போதெல்லாம் விசிறிக் காட்டுவாள். அவர்களும் பாவம் குனிந்து பார்த்து, நல்லாயிருக்கு என்பார்கள்.

முதல் களைக்குப் பவுனாம்பாள் வந்தாள். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷன் கலியனைக் கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க, சாண் உசரத்துலயே நிக்குது. பசியில ஊதா பாய்ஞ்சு போச்சு."

"ரெண்டாங்களை வரைக்கும் பாரு. தேறலேன்னா புடுங்கி ஆட்டுக்குப் போட்டுடு."

வரப்பில் கட்டியிருந்த ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் குட்டச்சியைப் பார்த்தது. கரைப் பெருமையெல்லாம் ஒரு நொடியில் காற்றாய்ப் போயிற்று. அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது.

அவசரமாக வேரைக் கீழே நீட்டினாள்.

"தள்ளாதே தாயி, இங்க எங்களுக்கே எடமில்ல" என்றது மண். குரலே நசுங்கித்தான் வந்தது.

நாலு விரற்கடை தள்ளி, பாஸ்பரஸ் என்று படித்தவர்கள் சொல்லும் மணிச்சத்து உட்கார்ந்திருந்தான். அவள் பசிக்கு வேண்டியதே அவன்தான். ஆனால் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல, யாராவது வந்து அழைத்தாலொழிய அசையமாட்டான்.

"கொஞ்சம் இப்படி வாயேன்" என்று கெஞ்சினாள்.

"எனக்கு நடந்து பழக்கமில்ல" என்றான் அவன்.

அப்போது வேர் நுனியை யாரோ சொறிந்தார்கள். முடியைவிட மெல்லிய வெள்ளை நூல் ஒன்று. நூலாயி என்ற பூஞ்சை.

"நான் போயி அவரைக் கூட்டியாரேன் அக்கா. எனக்குக் கொஞ்சம் சர்க்கரை குடு, போதும்."

குட்டச்சிக்குச் சுருக்கென்றது. "வெயில்ல நின்னு நான் ஆக்குனதுடி அது. உனக்கு ஒரு இலை உண்டா? கெளையாவது உண்டா?"

"இருந்தா உங்கிட்ட ஏன் கேக்குறேன்?"

"ஒரு சொட்டு தரேன்."

"ஒரு சொட்டுல நான் திரும்பி வர மாட்டேன். பாதி வழியில காஞ்சுபோவேன்."

"சரி, ரெண்டு சொட்டு. வாசல்ல நின்னு வாங்கிக்க."

"வாசல்ல நிக்கிற ஆளு நான் இல்ல அக்கா. வேருக்குள்ள வந்து உக்காந்துதான் கொடுக்கல் வாங்கல்."

இப்படி ஒரு வாயாடியை வீட்டுக்குள் விடுவதா என்று குட்டச்சி மூன்று நாள் முரண்டு பிடித்தாள். நாலாம் நாள் ஆடு கத்தியது. அவளாகவே வேரைத் திறந்தாள்.

நூலாயி சர்க்கரையைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வேர் முட்டி நின்ற இடத்திலெல்லாம் அவள் நெளிந்து, ஒருக்களித்து, "கொஞ்சம் வழி விடுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள். போகிற வழியில் உதிரித் துகள்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினாள். கட்டிய உருண்டைகளுக்கு இடையே சந்து விழுந்தது. சந்தில் காற்று வந்தது. மண் உழவுக்குப் பிறகு முதல்முறையாகத் தும்மியது.

மணிச்சத்தை அவள் எப்படிச் சமாதானப்படுத்தினாளோ, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். பின்னாலேயே அவன் பங்காளிகளும் வந்தார்கள்.

பிறகு குட்டச்சியைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரை வெளுத்துப் பச்சை ஏறியது. காலையில் ஒரு இலை, மாலையில் பார்த்தால் அது நீண்டிருக்கும். பட்டுக்கரை போய்விட்டதே என்று அக்கம்பக்கத்தவர்கள் துக்கம் விசாரித்தபோது, தோகை ஆட ஆடச் சிரித்தாள்.

இரண்டாங்களைக்குப் பவுனாம்பாள் வந்தபோது, குட்டச்சி அவள் இடுப்புக்கு நின்றாள்.

"அடி என் ராசாத்தி, பொழச்சுக்கிட்டியா" என்றாள் பவுனாம்பாள். கண் கலங்கிவிட்டது. ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பவுனாம்பாளுக்கு ஆசை தாங்கவில்லை. சுற்றிலும் ஈரமண்ணை வாரி அணைத்தாள். காற்றில் சாயக்கூடாதே என்று, குதிகாலால் சுற்றிச் சுற்றி, ஓங்கி ஓங்கி, பாசத்தோடு மிதித்தாள்.

"விழாம நில்லு தாயி" என்று ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

கீழே, கட்டி வைத்த சந்தில் பாதி அடைபட்டுப்போனது. மண்ணுக்கு மறுபடி குரல் நசுங்கியது.

வேருக்குள்ளிருந்து நூலாயி எட்டிப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தம்மாவுக்கு உம்மேல ரொம்பப் பிரியம் அக்கா. அதான் வேலை கூடிப்போச்சு. நான் மறுபடி கெளம்பணும்."

எத்தனை சொட்டு என்று குட்டச்சி கேட்கவேயில்லை.