வெள்ளீயத் தீவுக்கு வழி

முன்னொரு காலத்தில், கடலை நம்பியே பிழைத்த பினீசியர் நாட்டில், துறைமுக நகரம் ஒன்றை ஆண்ட ராஜாவுக்கு விருந்தென்றால் வாய் நீளும். ஒருநாள் போட்டி நகரத்துத் தூதனோடு மது அருந்தும்போது, "எங்கள் கப்பல் வெள்ளீயத் தீவுக்குப் புறப்படுகிறது. நீங்களும் பின்னால் வரலாம்! இது தெய்வத்தின்மேல் ஆணை!" என்று அள்ளி விட்டுவிட்டார்.

விடிந்து போதை தெளிந்ததும் ராஜா அவசரமாக மந்திரியைக் கூப்பிட்டார். அந்தத் தீவுக்கு வழி தெரிந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். ஊரே சோறு தின்பது அந்த ரகசியத்தால்தான்.

அரசவை விகடன் மத்தானைக் கண்டாலே பற்றி எரியும் மந்திரி கிஸ்கோ சும்மா இருப்பானா? "அரசே, மத்தானே கப்பலை நடத்தட்டும். வழி வெளியானாலும் அவன் தலை போகட்டும், தங்கள் வாக்குத் தவறினாலும் அவன் தலை போகட்டும்" என்றான். ராஜாவும் தலையாட்டினார். குடித்தது அவர், தலை மத்தானுடையது. நல்ல நியாயம்!

எப்படிப் போனாலும் தலை தப்பாது என்று மத்தானுக்குத் தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டே கப்பல் ஏறினான். துறைமுக வாயைத் தாண்டியதுதான் தாமதம், "சங்கிலியை இழுங்கள்! நான் திரும்பும்வரை இறக்காதீர்கள்!" என்று காவலர்களிடம் கத்தினான். வாயின் குறுக்கே இரும்புச் சங்கிலி எழுந்தது. பின்னாலேயே வந்த தூதனின் கப்பல் உள்ளே மாட்டிக்கொண்டது. தூதன் கோபத்தில் குதித்தான். ராஜாவோ, மத்தான் வந்து பதில் சொல்லட்டும் என்று நாளைக் கடத்தினார்.

கப்பல் நிறைய வெள்ளீயத்தோடு மத்தான் திரும்பிய அன்றே சபை கூடியது.

"வாக்குத் தவறிவிட்டீர்கள்!" என்று தூதன் கொதித்தான். கிஸ்கோ தாடியைத் தடவிக்கொண்டான்.

"தூதரே, மன்னர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்" என்றான் மத்தான்.

"நீங்களும் பின்னால் வரலாம் என்றார்!"

"அதேதான். முன்னால் நாங்கள் போய்விட்டு வந்தோம். பின்னால் என்றால் பிற்பாடுதானே? அந்தப் பிற்பாடு வந்துவிட்டது. சங்கிலியை இறக்கியாயிற்று. தாராளமாகக் கிளம்புங்கள்."

"வழி தெரிய வேண்டாமா?"

"எங்கள் கப்பல் போன தடம் கடலில்தானே கிடக்கிறது? அதைப் பார்த்துக்கொண்டே போங்கள். மன்னரின் வாக்குக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ள மந்திரியாரும் கூட வரட்டும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. மத்தானுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ராஜா தம் தோளிலிருந்த ஊதாச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"கிஸ்கோ, நீர் இன்னும் கிளம்பவில்லையா?" என்றார்.