மட்டிப்பழ வாசனை

வேதமணி ஆசானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது குலசேகரம் பஸ் நிலையத்தில். பஸ் நகரத் தொடங்கிவிட்டது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அக்கா சுகமா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். அடுத்த வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

என்னைவிட வயதில் இளையவர். தேனீ வளர்க்கக் கற்றுத் தந்தவர் என்பதால் நான் அவரை ஆசானே என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார், என் மனைவியை அக்கா என்பார்.

என் மனைவி சுசீலாபாய் நோயில் கிடந்தபோது அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

நோய் திடீரென்றுதான் வந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருநாள் நான் வைத்த கஞ்சியைத் தள்ளிவிட்டு, "இதுல நீ விஷம் வச்சிருக்கே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீ' என்று சொல்லாதவள். தெருவில் இறங்கி, இவன் என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று கத்தினாள்.

பேய் என்றார்கள். ஜெபம் நடத்தினோம். வலிப்பு வந்த பிறகே திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனோம்.

அங்கே டாக்டரம்மா முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் அழற்சி என்றார். கிருமியோடு சண்டை போட உடம்பில் ஒரு காவல் இருக்கிறதாம். அது ஆள் தெரியாமல் இவள் மூளையையே எதிரி என்று எடுத்துக்கொண்டதாம். தாக்கிய இடத்திலிருந்து, இன்னும் வாருங்கள் என்று ரத்தத்தில் சேதி போகுமாம். அந்தக் காவலை அடக்கத்தான் மருந்து என்றார்.

மருந்து கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். என்னைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

ஒருநாள் காலையில், வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அவள் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் இருக்கட்டுமே, உங்களுக்கும் பயம் இருக்கும் இல்லையா என்றார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். பயம் இருக்கத்தான் செய்தது. அடிப்பாள் என்று இல்லை. அந்தப் பேச்சு அவள் மனதில் எத்தனை வருடமாகக் கிடந்ததோ என்ற பயம்.

அன்று காலையே ஊருக்கு பஸ் ஏறினேன். ரப்பர் தளிர் விட்டுத் தேன் சுரக்கும் மாதம். தேனீப் பெட்டிகளைப் பார்த்து நாளாகியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பசிக்கு மட்டி வாழைப்பழம் தின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போய் முதல் பெட்டியைத் திறந்தேன்.

நான் வளர்த்த ஈக்கள். முகம் மூடாமலே எத்தனையோ முறை திறந்த பெட்டி. அன்று மொத்தமும் என் மேல் வந்து விழுந்தன.

தோட்டத்தில் நின்றிருந்த ஆசான் புகைப்பானோடு ஓடி வந்தார். புகை போட்டு என்னை அப்பால் இழுத்துப் போனார். கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு என் முகத்தருகே குனிந்து, "வாய ஊதுங்க" என்றார், குடிகாரனைப் பிடித்த போலீஸ்காரர் போல.

ஊதினேன்.

"மட்டிப்பழம். இத்தன வருஷம் பழகின ஆளு செய்யுற வேலையா அண்ணாச்சி இது?"

வெட்கமாக இருந்தது. முதல் நாளே அவர் சொல்லித் தந்த பாடம். ஈ கொட்டினால் கொட்டிய இடத்தில் ஒரு வாசனை நிற்கும். பழுத்த மட்டிப்பழத்தின் வாசனை. மற்ற ஈக்களுக்கு அது, எதிரி இங்கே நிற்கிறான் என்ற சேதி. ஒன்று கொட்டும். வாசனை கூடும். இன்னும் பத்து வரும்.

வலி குறைவதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஆசானே, காலில வீக்கம் வந்தா கால் நோவும், சரி. மூளையில வீக்கம் வந்தா, மனசில இல்லாததையா வாய் சொல்லும்? அவ சொன்னது உள்ள கிடந்ததுதானே?"

அவர் தொட்டியடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவச் சொன்னார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். என் சட்டையைக் கழற்றி நீரில் முக்கிவிட்டு, தன் சட்டையை எனக்குப் போட்டுவிட்டார். அது தோளில் இறுக்கியது. ரப்பர் மர நிழலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். இரைச்சல் தணிந்தது.

எழுந்து அதே பெட்டியைத் திறந்தார்.

"கைய வைங்க."

நான் வைக்கவில்லை.

"அதே பெட்டிதான். வைங்க."

வைத்தேன். ஈக்கள் விரல்களுக்கு நடுவே நடந்தன. வீங்கிய இடத்தின் மேலும் ஏறி இறங்கின. கூசியது. ஒன்றும் கொட்டவில்லை.

"கோவம் இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க. அடியில எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கான்னு தேடிப் பாருங்க."

சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். தேன் இருந்தது. மகரந்தம் இருந்தது. அறைகளில் புழுக்கள் இருந்தன. ராணி தன் வேலையாக நடந்துகொண்டிருந்தது.

"அப்ப என்னைக் கொட்டினது?" என்றேன்.

உள்ளங்கையை நீட்டினார். கொடுக்கைப் பறிகொடுத்துச் செத்த ஈ ஒன்று அதில் கிடந்தது.

"வீட்டக் காப்பாத்துறதா நினைச்சிட்டு அது செத்துப்போச்சு அண்ணாச்சி" என்றார். "பாவம் அது."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்று அவள் அண்ணனிடம் சொன்னேன்.

ஆசான் போன பிறகும் சுசீலாபாய் பல வருடம் இருந்தாள். நோயில் கிடந்த மாதங்கள் அவளுக்கு நினைவில் வரவே இல்லை. அப்படி வருவதில்லை என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். நான் அப்ப உங்கள ஏதாவது சொன்னேனா என்று ஒருமுறை கேட்டாள். ஒண்ணும் சொல்லல்ல என்றேன்.

இப்போது அவளும் இல்லை. அந்த மாதங்கள் என் ஒருவன் நினைவில்தான் இருக்கின்றன.